வாசலுக்கு அடங்காத சட்டம்

காலையில் தேங்காய் நார்க் கயிற்றின் மேல் தண்ணீர் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க ஈரச் சாக்கு வாசனை. "எங்கயாவது எலி செத்துக் கிடக்கா பாருடி" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள். "எலி செத்தா இவ்ளோ நல்லா மணக்காதும்மா" என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் கீச்சென்று எலிக் குரலும் கொடுத்திருப்பாய்.

எனக்கு அது உன் வீட்டு வாசனை. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம், இரண்டாவது மாடி, ஒரே படுக்கையறை உள்ள வாடகை வீடு. உன் சிறுநீரகங்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகு, காற்று வரும் என்று உன் கட்டிலை ஹாலில் போட்டார்கள். காற்று வந்ததோ இல்லையோ, ஆட்கள் வந்தார்கள். டயாலிசிஸ் முடிந்து நீ துவண்டு கிடக்கும் நாளாகப் பார்த்து வருவார்கள். எல்லார் கையிலும் ஒரு பை சாத்துக்குடி. உனக்கு அது ஆகாது என்று உன் அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் மரபு. அந்த மரபு உருண்டையாக, தோலோடு இருக்கும். சோபாவில் சாய்ந்து, உன்னைத் தலை முதல் கால் வரை பார்த்து, உச்சுக்கொட்டி, காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

"நான் என்ன வண்டலூர் கொரங்காடி?" என்றாய் ஒருநாள். "டிக்கெட்கூட வாங்காம பாக்குறாங்க."

துணித் திரை போடலாம் என்றார் ஆன்ட்டி, உன் அம்மா. உனக்குப் பிடிக்கவில்லை. "அது ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். செடியால மறைக்கலாம். அவங்க பாக்குறதுக்கு இலை இருக்கட்டும். நமக்கு அவங்கள பாக்க ஓட்டை இருக்கட்டும்."

அப்போது உனக்குக் கொஞ்சம் நடக்க முடிந்தது. மேற்குத் தாம்பரத்தில் மரக்கடைக்குப் போய் ஒல்லியான, நீளமான ரீப்பர் கட்டைகள் வாங்கி, ஷேர் ஆட்டோவில் வெளியே நீட்டிக்கொண்டு வந்தோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னாமா, கட்டைய ஏத்தினு வரீங்க, பாடையா கட்டப் போறீங்க?"

நீ அசரவே இல்லை. "ஆமாண்ணா, ஒங்க வண்டிக்குத்தான். ஓட்டுற ஓட்டத்தப் பாத்தா இன்னிக்கே தேவைப்படும்." தாம்பரம் மேம்பாலம் முழுக்க அவரும் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஹாலிலேயே தரையில் போட்டுக் கட்டைகளைச் சட்டமாகப் பூட்டினோம். கூரை வரை உயரம், கட்டில் நீளத்துக்கு அகலம். குறுக்கும் நெடுக்குமாக நார்க் கயிறு. அடியில் வரிசையாகத் தொட்டிகள். மணி பிளாண்ட் கொடிகளில் பாதி கேட்டு வாங்கியது, பாதி கேட்காமல் வாங்கியது. உன் பழைய பள்ளிக்கூடத் துப்பட்டாவைக் கிழித்துக் கொடிகளைக் கட்டினேன். நீ கட்டிலில் படுத்தபடி மேஸ்திரி வேலை பார்த்தாய்.

"இறுக்காதடி, கழுத்தையா நெறிக்கிற? கட்டைக்கு ஒரு சுத்து, கொடிக்கு ஒரு சுத்து. எட்டு போடு, எட்டு! எட்டு போட்டாத்தான் லைசென்ஸ்."

தண்ணீர் அடிக்கும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுத்தரமாட்டாய். உனக்கு ஒரு நாளைக்குக் குடிக்க இத்தனை என்று அளவு வைத்திருந்தார்கள். நீ செடிக்கு அடித்த அடியில் தரை குளமாகும். ஆன்ட்டி சத்தம் போட்டால், "எனக்குத்தான் அளவு. அதுவாவது வயிறு முட்டக் குடிக்கட்டுமே" என்பாய்.

கொடியும் உன்னைப்போலவே பிடிவாதக்காரி. கணுவுக்குக் கணு வேர்விட்டு நாரைக் கவ்விக்கொண்டது. இலை அடர்ந்து நீ மறைந்ததும் நம் ஆட்சி தொடங்கியது. கேளம்பாக்கத்திலிருந்து வந்த உன் பெரியம்மா நினைவிருக்கிறதா? "பாவம், இனிமே இவள யாரு கட்டிக்குவா?" என்று மூக்கைச் சிந்தினாரே! இலைக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது: "கொடி இருக்கே பெரியம்மா, நல்லா இறுக்கிக் கட்டிக்கும்!" அதே நேரம் நான் ஓட்டை வழியாகக் கையை நீட்டி, "பாவம்னு சொன்னா ஃபைன். ஒரு சாத்துக்குடி" என்றேன். பெரியம்மாவின் காபியைச் சோபா குடித்தது.

நீ போன பிறகு அதே கூட்டம் மறுபடி வந்தது. இந்த முறை ஒளிந்துகொள்ள நீ இல்லை. "செடியும் அவ கூடவே போயிடும் பாரு" என்று ஒருவர் சொன்னார். அவரை நான் பார்த்த பார்வையில் அடுத்த வாய்க் காபி உள்ளே இறங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் ஆன்ட்டி வீட்டைக் காலி செய்தார். கூடுவாஞ்சேரியில் உன் மாமா வீட்டுக்கு. அன்றுதான் நம் மூளையின் லட்சணம் தெரிந்தது. ஹாலை அளந்தோம், கட்டிலை அளந்தோம், வாசலை அளக்கவில்லை. சட்டத்தைப் படுக்கவைத்து வெளியே நீட்டினால் பாதியிலேயே எதிர்வீட்டுச் சுவரில் முட்டியது. அங்கே திருப்ப இடமில்லை. பிரித்தால் நாரைக் கவ்விய வேரெல்லாம் பிய்ந்துவிடும்.

மாமா ரம்பத்தோடு வந்தார். பேச்சில் ரம்பம் போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். இது நிஜ ரம்பம். "அறுத்தாத்தான் போகும்" என்றார்.

"சட்டத்த கையில எடுக்காதீங்க மாமா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"வெட்டட்டும் விடுடி" என்றார் ஆன்ட்டி. "அதப் பாத்தா பின்னாடி அவ படுத்திருக்குற மாதிரியே இருக்கு."

மாமாவிடம் மல்லுக்கட்டலாம். இதற்கு என்ன செய்ய? சட்டத்தில் முதுகை ஒட்டி நின்றேன். "நீங்க பாக்க வேணாம் ஆன்ட்டி. எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். ஆனா அறுக்க விடமாட்டேன். ஒரு இலைய வெட்டணும்னாலும் மொதல்ல என் ஜடைய வெட்டுங்க."

வாசல் விடாவிட்டால் என்ன, பால்கனி இருக்கிறதே. சாமான் ஏற்ற வந்த லாரி அண்ணனிடம் கயிறு கேட்டேன். "பந்தலயே எறக்கச் சொல்றியேமா!" என்று தலையில் அடித்துக்கொண்டே வந்தார். தொட்டிகளைக் கழற்றி, வேர்மண்ணைச் சாக்கில் பொதிந்து கட்டினோம். அவரும் மாமாவும் ஒரு கயிறு, நான் ஒரு கயிறு. கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளர் அண்ணாந்து பார்த்து, "அசோசியேஷன்ல கேட்டீங்களாம்மா?" என்றார்.

"கேட்டா வேணாம்னுவீங்க சார், அதான் கேக்கல!"

பாதி வழியில் காற்று அடித்துச் சட்டம் சுழன்றது. முதல் மாடி சன்ஷேடில் இடித்து நின்றது. என் கயிறு உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு வழுக்கியது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தபோது, எனக்குப் பின்னால் யாரோ கயிற்றைப் பிடித்தார்கள்.

"கால அகட்டி நில்லுடி" என்றார் ஆன்ட்டி.

அவர் சட்டத்தைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, அது தரை தொடும் வரை கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார்.

நாலு பேர் தோளில் சுமந்து, பக்கத்திலேயே இருந்த எங்கள் தெருவுக்குக் கொண்டுபோனோம். எதிரே வந்த ஒருவர் பைக்கை ஓரங்கட்டி, மரியாதையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். "உயிரோடதான் இருக்குண்ணா, போங்க!" என்று கத்தினேன்.

எங்கள் வீட்டில் அப்பா குறுக்கே நின்றார். போனவர்களின் பொருள் நடு ஹாலில் ஆகாதாம். "அவ விட்டுட்டுப் போன பொருள்லயே பெருசு நான்தாம்ப்பா. என்னையும் வெளிய வைங்க" என்றேன். அப்பா வழிவிட்டு விலகினார். பிறகு, "ஜன்னலோரமா வை, வெளிச்சம் வேணும்ல" என்றார்.

இலைகளில் பாதி பழுத்து உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதற்கு நான் வயிறு முட்டத் தண்ணீர் அடிக்கிறேன். பட்டால் பட்டுப்போகட்டும், வேறு கொடி கேட்காமல் வாங்கத் தெரியாதா எனக்கு? சட்டம் நகராது.

உன் படத்தைப் போட்டு எல்லாரும் 'ஆன்மா சாந்தியடையட்டும்' என்று ஸ்டேட்டஸ் வைத்தார்கள். நான் வைக்கவில்லை. சாந்தியாக உட்கார்ந்திருந்தால் அது நீயே இல்லை. நீ இருக்கும் இடத்தில் இந்நேரம் ஏதாவது கலாட்டா நடந்துகொண்டிருக்க வேண்டும். இங்கே உன் பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று வகுப்பில் கெமிஸ்ட்ரி மிஸ் என் கலாட்டா பொறுக்க முடியாமல் டஸ்டரை மேஜையில் தட்டினார். "ஒருத்தி பண்ற சத்தமாடி இது?"

எழுந்து நின்றேன். "இல்ல மிஸ். ரெண்டு பேர்."