பூவாறு வீட்டு முகவரி

மான்செஸ்டர்
9 மே 1954

அன்புள்ள விமலா,

நலம். இங்கே எங்களுக்குக் கணக்கு மெஷினுக்குக் கட்டளை எழுதக் கற்றுத் தருகிறார்கள். எல்லோரும் நீளமாக ஒரே கட்டாக எழுதுகிறார்கள். ஓரிடத்தில் எண்ணை மாற்றினால் வேறெங்கோ விடை கெடுகிறது. நான் வேறு வழி பார்க்கிறேன். எல்லாவற்றையும் சின்னச் சின்னச் சார்புகளாக எழுதுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. கொடுத்ததை வாங்கி விடை தரும்; வெளியே எதையும் தொடாது. அதே எண்ணைக் கொடுத்தால் என்றும் அதே விடை. கோளாறு வந்தால் ஒவ்வொரு துண்டாகச் சோதிக்கலாம். மெஷினின் நினைவில் இடம் வீணாகிறது என்று கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

நீ கணக்கு டீச்சர்தானே, செய்து பார்: ஒன்று முதல் ஐந்து வரை பெருக்க வேண்டும். எழுதிய எதையும் அழித்து மாற்றக் கூடாது.

உன் தம்பி ஜெயதாஸ் இப்போது எங்கே தங்குகிறான்? மறைக்காமல் எழுது. நான் அரசாங்க உதவியில் படிப்பவன் என்பதை மறக்காதே.

அன்புடன்,
ராஜதாஸ்

பாறசாலை
28 மே 1954

அன்பான அத்தானுக்கு, விமலகுமாரி எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகம்.

உங்கள் கணக்குக்கு விடை: ஐந்தின் விடை, ஐந்தை நான்கின் விடையால் பெருக்குவது. நான்கின் விடை, நான்கை மூன்றின் விடையால் பெருக்குவது. இப்படியே இறங்கி ஒன்றில் நிற்க வேண்டும். ‘ஒன்றில் நில்’ என்று சொல்லாவிட்டால் அது நிற்கவே நிற்காது. சரிதானே?

எனக்கும் ஒரு சந்தேகம். ஓர் ஆபீசில் தமிழில் கேட்டேன், நாளை வா என்றார்கள். அதையே மலையாளத்தில் கேட்டதும் காரியம் நடந்தது. இது சார்பில் சேருமா?

ஜெயதாஸ் திருவிதாங்கூர்-கொச்சியில் உள்ள நம் தமிழ்த் தாலூக்காக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று மறியலில் நின்றான். போலீஸ் தேடுகிறது. ஒற்றசேகரமங்கலத்தில் என் சிநேகிதி விஜயம்மாவின் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறான். உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

வழக்கம்போல ஹெட்மாஸ்டர் சோமன் சார் இதைத் திருவனந்தபுரத்தில் தபாலில் சேர்ப்பார். நீங்கள்தான் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை.

உங்கள் விமலா

பாறசாலை
28 ஜூன் 1954

அன்பான அத்தானுக்கு,

விஜயம்மாவின் தோட்டத்துக்குப் போலீஸ் வந்தது. ஜெயதாஸ் பின்பக்கமாக ஓடித் தப்பினான். பிறகு இன்ஸ்பெக்டர் நம் வாசலில் நின்று, “ஜெயதாஸ் எவிடெ, டீச்சரே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்த இடத்தை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் மறுபடியும் அவனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பூவாறில், பூட்டிக் கிடக்கும் ரத்னபாய் அத்தை வீட்டில் இருக்கிறான்.

விமலகுமாரி

பாறசாலை
5 ஜூலை 1954

என் அன்பான அத்தானுக்கு,

கோபிக்காமல் வாசியுங்கள். ஜெயதாஸ் பூவாறில் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை; சோதிக்கத்தான் அப்படி எழுதினேன். ஆனால் நான் எழுதிய அதே வாரம் போலீஸ் அந்த வீட்டுப் பூட்டை உடைத்தது. அதற்குள் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்க வழியே இல்லை. ஒவ்வொரு துண்டாகச் சோதி என்று நீங்கள்தானே கற்றுத் தந்தீர்கள்? கோளாறு கடிதத்தைத் தபாலுக்குக் கொண்டுபோன சோமன் சாரிடம். உங்களிடம் இல்லை. அழுதே விட்டேன், சந்தோஷத்தில்.

இந்தக் கடிதத்தை நானே தபாலில் சேர்க்கிறேன்.

உங்கள் விமலா

மான்செஸ்டர்
20 ஜூலை 1954

விமலா,

ஜெயதாஸ் எங்கே என்று நான் கேட்டது எலியாவுக்காக. என்னோடு கல்லூரியில் படித்த நம் ஊர் எலியா எல்லைக்கு அப்பால் திருநெல்வேலியில் இருக்கிறான். இடம் தெரிந்தால் வந்து அழைத்துப் போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். ரப்பர் தோட்டத்துக்கு அவன் போவதற்குள் போலீஸ் முந்திவிட்டது. முன்கூட்டிச் சொன்னால் நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை.

உன் பூவாறு கடிதம் வந்த அன்றே அவனுக்குத் தந்தி அடித்தேன். அவன் போனான். உடைத்த வீட்டில் போலீஸ் காவல் இருந்திருக்கிறது. ஜெயதாஸின் இடத்தைச் சொல் என்று அடித்து, வலது கை எலும்பை முறித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் உன் அடுத்த கடிதம் வந்தது.

உன் சோதனையில் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் நான் எழுதும் துண்டுகள் வெளியே எதையும் தொடாது. உன் கடிதம் தொட்டது.

இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். முடியாது என்று சொல்லியிருந்தேன். இப்போது யோசிக்கிறேன்.

எலியா நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் இருக்கிறான். போய்ப் பார்.

ராஜதாஸ்

பாறசாலை
14 ஆகஸ்ட் 1954

அன்பான அத்தானுக்கு,

மார்த்தாண்டத்தில் நம் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். ஜெயதாஸ் உயிரோடு இருக்கிறான். அதற்கு மேல் எழுதமாட்டேன்.

எலியா அண்ணனைப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் பீடி பற்ற வைக்க வெளியே போனதும், பூவாறு என்று எழுதியது பொய் என்பதைச் சொன்னேன். அண்ணன் கேட்டார்: “எனக்க கை கெடக்கட்டு, மக்கா. ஒனக்குச் சந்தேகம் உண்டுன்னா ராஜதாஸ்கிட்ட நேரா ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா?”

கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் பொய் சொல்வீர்கள் என்று அப்போது நம்பினேன். நீங்களும் எலியா அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நேராகவே கேட்கிறேன். திரும்பி வருவீர்களா?

விமலகுமாரி

பாறசாலை
2 நவம்பர் 1954

அன்பான அத்தானுக்கு,

ஆகஸ்டில் எழுதிய கடிதம் கிடைத்ததா? சோமன் சார் கையில் கொடுக்கவில்லை, நானேதான் சேர்த்தேன். வழியில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

விமலா