காராச்சேவுப் பெட்டியில் போன மாத்திரை

சிவகாசி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு, அம்மா செல்லக்கனி எழுதுவது. உன் அப்பாவின் சர்க்கரையையும் என் வாயையும் தவிர இங்கே மற்றதெல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. டெல்லியில் நீயும் நலமாக இருக்க அம்மன் துணை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று துண்டித்துவிடுகிறாய், கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது பார். வெம்பக்கோட்டைப் பக்கம் நல்ல மழை, நம் பட்டாசுக் கம்பெனியில் இரண்டு நாள் வெடி காயப்போட முடியவில்லை. உன் தம்பி தருண்குமார் தீபாவளி ஆர்டரைப் பிடித்துவிட்டு வானத்தையே முறைத்துக்கொண்டு நிற்கிறான். வானம் என்ன, அவன் கம்பெனி ஆளா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் விமானிகளுக்கு நடக்கும் மெடிக்கலில் உனக்குச் சர்க்கரை என்று வந்ததும், விமானம் ஓட்டக் கூடாது என்று உட்காரவைத்ததும் எங்களுக்கு இடி விழுந்த மாதிரிதான் இருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் மெதுவாகத்தான் இறங்குகிறது என்று நீ சொன்னாய். அதைக் கேட்ட உன் அப்பா சும்மா இருந்தாரா? "எம் மாத்திரைய ஒரு வாரம் போட்டாப் போதும், கடகடன்னு எறங்கிரும்" என்று தன்னுடைய அட்டையைக் காராச்சேவுப் பெட்டிக்குள் சொருகி, எனக்கும் சொல்லாமல் கூரியரில் அனுப்பிவிட்டார். ஊரில் ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் விழுங்குவது நமக்கெல்லாம் பலகாரம் மாற்றிக்கொள்வது போலத்தானே. நீயும் மறு மெடிக்கல் நெருங்குகிற அவசரத்தில் இரண்டு நாள் போட்டுவிட்டாய். பிறகு பயந்துபோய் வியாழக்கிழமை போனில் என்னிடம் அழுதாய். நீ போடும் மாத்திரைக்கு அனுமதி உண்டு, அப்பா போடுவது திடீரென்று சர்க்கரையைத் தரைக்கு இறக்கிவிடக்கூடியது, அதைத் தொட்டதாகச் சொன்னால் மறுபடி காத்திருக்கச் சொல்வார்கள், கேப்டன் பயிற்சியில் உன் முறை போய்விடும் என்றாய். "சொல்லாம விட்டுறட்டுமாம்மா" என்று கேட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. காலையில் இட்லியைத் தொடாமல், பழக்கத்தில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். உனக்குத்தான் தெரியுமே, வெடிமருந்து கலக்கும் அறைக்குள் யார் போனாலும் வாசலில் உடம்பு மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, சாப்பிட்டாச்சா என்று அப்பா கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் போகவேண்டும். பசியோடு வந்தவர்களுக்குக் கை நடுங்கும் என்று எத்தனையோ வருஷமாக அவர் வைத்திருக்கிற சட்டம். வெள்ளிக்கிழமையும் நின்று எல்லோரையும் கேட்டிருக்கிறார். கலவைக்காரி பாலம்மாள் இவர் முகம் வேர்த்திருப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க சாப்பிட்டீகளா மொதலாளி?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். இவரால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. கை கிடுகிடுவென்று நடுங்க, அறைச் சாவியைப் போர்மேன் பாண்டிச்செல்வத்திடம் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை அள்ளிப்போட்ட டீ குடித்த பிறகுதான் கண் தெளிந்ததாம்.

வீட்டுக்கு வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த டெல்லி டாக்டரும் என்னய மாதிரி வாசல்ல நிக்கிற ஆளுதான் செல்லக்கனி, அவுகள ஏமாத்தத்தான் நான் மாத்திர அனுப்பிருக்கேன். மேல பறக்கையில பாப்பாவுக்கு இப்படி வந்திருந்தா?" என்று சொல்லி அழுதுவிட்டார். அப்புறம் அவரை நம் டாக்டரிடம் இழுத்துப்போய் மாத்திரையை மாற்றிக்கொண்டு வந்தேன். இப்போது உன் அப்பாவும் தரையில்தான்! டாக்டர் சொல்லும்வரை கலவை அறைப் பக்கம் போகக் கூடாது, ஆபீஸில் நாற்காலி வேலை மட்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன். வேளைக்கு வேளை சாப்பிட்ட தட்டைக் காட்டிவிட்டு, "இன்னைக்காவது என்னயப் பறக்க விடுவியா?" என்று கேட்கிறார். விடவில்லை.

ஆகையால் இந்தச் செவ்வாய் போய் அடுத்த செவ்வாய்க்கிழமை மெடிக்கலில் எல்லாவற்றையும் சொல்லிவிடு. எந்த மாத்திரை, எத்தனை நாள், யார் அனுப்பினது, எல்லாம். தேவைப்பட்டால் நான் வந்து சொல்கிறேன் என்று உன் அப்பா டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். சீசன் நேரத்தில் மதுரையைத் தாண்டாத மனுஷர்! காத்திருக்கச் சொன்னால் காத்திரு. பயிற்சியில் உன் முறை போனால் எனக்கும் வருத்தம்தான், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பசியோடு வந்தேன் என்று சொன்னவர்களை உன் அப்பா அன்றைக்கு மட்டும்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார், மறுநாள் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறார். ஒரேயடியாக நிறுத்தினது முனியசாமி ஒருத்தனைத்தான். அவன் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி உள்ளே போய் வெடிமருந்துத் தட்டுப் பக்கத்தில் மயங்கி விழுந்தான். ஒன்றும் ஆகாமல் போனது தெய்வச் செயல்.

இத்துடன் காராச்சேவு வருகிறது. இந்தத் தடவை பெட்டியைக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன், தைரியமாகத் தின்னு, அளவாகத் தின்னு. எங்கள் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இருக்கவேண்டும், உயர உயரப் பறக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை முடிந்ததும் முதலில் அப்பாவுக்குப் போன் போடு. பாஸா பெயிலா என்று அவர் கேட்கமாட்டார், சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். அதற்கும் உண்மையைச் சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா,
செல்லக்கனி