தங்கையோடு மூன்று தீவுகள்

மே 6, செவ்வாய்

பல் ஆய்வகத்தில் கீழ்வரிசைப் பல் செட் ஒன்றுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கையிடமிருந்து போன். இரண்டு வருடத்தில் அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. பல் செட் கை நழுவி விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை.

"மூணு தீவு, மூணு நாள். ஒவ்வொண்ணையும் இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை வரைக்கும் ஓடறது. கூட வர வேண்டியவ கால் சுளுக்கிப் படுத்துட்டா. ரூமெல்லாம் போட்டாச்சு. வர்றியாண்ணா?"

வருகிறேன் என்றேன். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கத் தோன்றவில்லை.

மே 8, வியாழன்

மொத்தம் நாற்பத்தாறாம். செத்தேன்.

ஆனாலும் போயே தீர வேண்டும். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் இவள் புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து என் வாசலில் நின்றாள். "எல்லா வீட்லயும் நடக்கறதுதான், கொஞ்சம் பொறுத்துப் போ" என்று புத்தி சொல்லி, டாக்சி பிடித்துத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலை அவள் புருஷனோடு ஓடவும் போனேன். அவன் எனக்கு ஓட்டக் கூட்டாளி. அவன் அடிப்பான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் விவாகரத்து வாங்கினாள். நானும் அவன் சகவாசத்தை விட்டேன். மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்கவில்லை. இந்த மூன்று நாளில் கேட்டுவிட வேண்டும்.

மே 9, வெள்ளி. பெரிய தீவு

கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? அவள் எப்போதும் இருநூறு அடி முன்னால். எனக்கு மூச்சு வாங்கவே வாய் போதவில்லை.

தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறாள். நிமிஷம் பிசகினால் பிடிக்காது. அவள் போட்ட கணக்குப்படி பதினெட்டு கிலோமீட்டர் ஓடி மேற்குத் துறைக்குப் போனால், பூட்டிய கேட்டில் ஒரு தாள் தொங்குகிறது: இந்த வாரம் முழுக்கப் படகு கிழக்குத் துறையிலிருந்து. நாங்கள் காலையில் கிளம்பிய இடம்! அதாவது, இவ்வளவு நேரமும் படகை விட்டு விலகித்தான் ஓடியிருக்கிறோம்.

"எங்க டிப்போவுல இப்படிப் பண்ணியிருந்தா, இந்நேரம் ஜனங்க பஸ் கண்ணாடிய உடைச்சிருப்பாங்க."

ஒரு மீன் வண்டிக்காரர் பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டார். பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் இருவர் மட்டும். கேட்டிருக்கலாம். மீன் நாற்றத்திலா மன்னிப்பு? நாளைக்குக் கேட்கலாம்.

மே 10, சனி. நடுத் தீவு

ஓட்டத்தை எப்படியோ முடித்தேன். அதன் பிறகு காற்று. படகு ரத்து. பிறகு உண்டு என்றார்கள். பிறகு மறுபடியும் ரத்து. காத்திருப்பு அறையில் ஐந்து மணி நேரம் கழித்துத்தான் படகு கிடைத்தது. தங்கை சும்மா இருக்க முடியாமல் பெஞ்சுகளைச் சுற்றி ஓடினாள். "மேடம், எனக்குத் தலை சுத்துது" என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

ஐந்து மணி நேரம்! அவள் பேருந்தின் கிளட்ச் பற்றிப் பேசினோம். கடைவாய்ப் பல் பற்றிப் பேசினோம். நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் "பிஸ்கட் வேணுமா?" என்றுதான் வந்தது. நான் என்ன ஆள்? சரியான கோழை.

மே 11, ஞாயிறு. குட்டித் தீவு

நாலு மணிக்கு ஊர் திரும்பும் படகு. பாதி ஓட்டத்தில் தண்ணீர் வாங்கப் போனால் கடைக்காரம்மா சொல்கிறார், "மூணேகாலுக்கே எடுக்கறாங்களாம்." இன்றைக்கு அதை விட்டால் வேறு கிடையாது. இன்னும் ஐந்து கிலோமீட்டர். அவளுக்கு விடிந்தால் டியூட்டி.

"நீ போ, என்னைப் பார்க்காத" என்றேன். போய்விட்டாள். அவ்வளவுதான், இனி எப்போது பார்ப்போமோ என்று நினைத்துக்கொண்டே நொண்டினேன்.

துறைக்கு வந்தபோது படகு கடலில் போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டில் இவள் உட்கார்ந்திருக்கிறாள், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு.

"ஏறி உட்கார்ந்துட்டேன். நீ அந்த மேட்டுல நொண்டிக்கிட்டு வர்றது தெரிஞ்சுது. இறங்கிட்டேன்."

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லியிருக்கலாமே?"

"உள்ள அறுபது பேர் இருக்காங்க. அவங்க எதுக்குக் காத்திருக்கணும்? நீ எனக்குத்தான அண்ணன்?"

அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிட்டேன். அன்னைக்கு உன்னைத் திருப்பி அனுப்பினது தப்பு, பெரிய தப்பு, மன்னிச்சிடுன்னு — அழுதுகிட்டே, வேர்வையும் மூக்கும் ஒழுக. வெட்கமெல்லாம் எங்கே போச்சோ.

அவள் கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"நாலாவது பிஸ்கட்டுலயே தெரிஞ்சுடுச்சுண்ணா" என்றாள். சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "நீ புத்தி சொன்னதுகூடப் பரவாயில்ல. உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லல."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. டிப்போவுக்குப் போன் போட்டு லீவு சொன்னாள். பதினோரு வருடத்தில் முதல் லீவாம்.

மே 13, செவ்வாய்

தொடை வலியில் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறேன். ஆய்வகமே பார்த்துச் சிரிக்கிறது.

மே 25, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு அழைப்பு மணி. தங்கை. "ஷூவைப் போடு, ஓடப் போறோம்." ஆற்றங்கரை வரை ஆறு கிலோமீட்டர். வழக்கம்போல் அவள் முன்னால். திரும்பி வந்து, என் வீட்டில் குளித்து, இருந்ததைச் சாப்பிட்டு, சோபாவில் குறட்டை விட்டுத் தூங்கினாள். மத்தியானம் என் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"ஏய், ஷூவ விட்டுட்டுப் போற!"

"அங்கயே இருக்கட்டும். வாராவாரம் எவன் தூக்கிட்டு அலையறது?"

நாற்றம் தாங்கவில்லை. வீட்டுக்குள்தான் வைத்திருக்கிறேன்.