காவடிக்குப் போகாத பாட்டரி

திருத்தணி, 11-2-1986, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிஷம். பேட்டன்ட் மனுவுக்கு ஆட்சேபணை மூன்று, நேற்று விழுந்தது ஒன்று, மிச்சம் இரண்டு.

அன்பு மகள் வள்ளிநாயகிக்கு சின்ன நைனா கஜபதி எழுதிக்கொள்வது. தணிகைமலையான் புண்ணியத்தில் இங்கே உன் அம்மா, உன் சின்னம்மா சுலோச்சனா, நான் மூன்று பேரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிப் பனியில் வேளைக்குச் சாப்பிட்டு சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மற்ற சமாசாரம் பின்னால், நீ எழுதியதற்குப் பதில் முதலில். அந்த விளக்கு ஆடிக் கிருத்திகையன்று மலைப்படியில் எரியவில்லை. நீ செய்த லித்தியம் செல் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. ஆகவே மனுவை வாபஸ் வாங்கும் பேச்சே வேண்டாம். புரொபசர் மணவாளனுக்கு அப்படி ஏதாவது எழுதியிருந்தால் இந்தக் கடிதம் கண்டதும் ஒரு தந்தி அடித்து மாற்று. பத்துப் பேர் பார்க்க எரிந்திருந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், பொய்யின் மேல் எனக்குப் பேட்டன்ட் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு உன் அம்மா அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது, எரிந்ததா என்று ஒரு வரி கேட்டுவிட்டு அதற்குப் பிறகு மனசு உடைந்திருக்கலாமே. ஆனாலும் அண்ணன் போன நாளிலிருந்து உன்னை வளர்த்தவன் என்ற முறையில், பொய் வேண்டாம் என்ற அந்த வரிக்காக உனக்கு நன்றி சொல்லவும் தோன்றுகிறது, சொல்லிவிட்டேன்.

இந்தத் தகராறு எங்கே முளைத்தது என்று உனக்கும் புரொபசருக்கும் மண்டை காய்ந்ததல்லவா, எதிரி யாரும் இல்லை, நம் வரதராஜன்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரன், காவடிக் குழுத் தலைவன். நீ 1984 ஆடியில் சூட்டில் எப்படி ஓடுகிறது பார் என்று செல்லை என்னிடம் கொடுத்துவிட்டு லேபிலேயே கிடந்தாய், அடுத்த மாசம் மனு போட்ட கையோடு விமானம் ஏறிவிட்டாய். இங்கே நான் செல்லை வெளியாருக்குக் காட்டவில்லை, காவடிக்கு விளக்கு போட்டுத் தருகிறேன் என்று வாய் மட்டும் விட்டேன். அவன் உடனே அச்சகத்துக்கு ஓடி, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏறும் லித்தியம் பாட்டரி விளக்குக் காவடி, செய்தவர் நம் ஊர் செல்வி வள்ளிநாயகி என்று ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் அடித்துவிட்டான். அதோடு விட்டானா, போன கார்த்திகையில் உன் மனு மெட்ராஸ் பேட்டன்ட் ஆபீசில் பரிசீலனையில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அந்த நோட்டீஸை ஒரு கவரில் போட்டு ஆபீசருக்கே அனுப்பியிருக்கிறான். ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டால், நம்மூரு பொண்ணு ஃபைலு அங்க போயிகினு கீது, ஒரு சிபாரிசு வாணாமா, நீ ஒரு மூச்சு கூட உடலியே, நானாவது அனுப்பினேனே என்று என்னையே கோபித்துக்கொள்கிறான். மனு போடும் தேதிக்கு முன்னால் ஊர் பார்க்கப் பயன்படுத்திவிட்ட சாமானுக்குப் பேட்டன்ட் கிடையாது, உன் சிபாரிசுதான் அவள் கழுத்துக்குக் கயிறு என்று விளக்கியதும் கையில் இருந்த கிளாசை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான், பாவம்.

விளக்கு ஏன் போகவில்லை என்பதை உனக்கு யாரும் எழுதவில்லை. கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால்தான் அம்மையார்குப்பத்தில் சிங்காரம் பெரிய நைனா தறிக்குப் பக்கத்திலேயே சாய்ந்து உயிர் விட்டார். பங்காளி வீட்டுச் சாவு, பதினாறு நாள் கழிகிற வரை நம்மில் யாரும் மலை ஏறக்கூடாது. நான் பல்பு, ஒயர், மூங்கில் வளைவு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். நான் வராவிட்டால் போகிறது, செல்லை மட்டும் வரதராஜனிடம் கொடுத்து அனுப்புகிறேன், இரும்புக்கும் லித்தியத்துக்கும் என்ன தீட்டு என்று உன் அம்மாவிடம் சண்டை போட்டேன். அவள் செல்லைப் பழைய சேலைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அத்த செஞ்சவ இந்த ஊட்டுப் பொண்ணு, அவளுக்குத் தீட்டுன்னா அதுக்கும் தீட்டுதான், உன் டிப்ளமாவ அப்பிடி ஓரமா வெச்சிட்டு பேசு என்றாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. இன்றைக்கு நினைத்தால் அந்தப் பூட்டுக்குப் பூப்போட்டுக் கும்பிடலாம் போலிருக்கிறது.

எரியவில்லை என்று நான் சொன்னால் போதுமா, நான் உன் ஆள். வெளி ஆள் இரண்டு பேர் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று புரொபசர் சொன்னார். முதலில் வரதராஜனைப் பிடித்தேன். அவன் முரண்டு பிடித்தான். நோட்டீஸ்ல போட்டது நடக்கலன்னு நானே கையெழுத்துப் போட்டா ஊர்ல என் மரியாதி இன்னா ஆவறது, அடுத்த வருசம் எவன் எனுக்கு வசூல் குடுப்பான் என்றான். அவன் பெண்டாட்டி தாயம்மாள் உள்ளே இருந்தபடியே, உன் மரியாதி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல போனத ஊரே பாத்துச்சி, போயி போடுய்யா என்று ஒரு போடு போட்டாள். போட்டான். அதற்குப் பிறகு அம்மையார்குப்பம், பெரிய நைனா வீடு. ஞானம்மாள் பெரியம்மாவுக்கும் நமக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பது தெரியாது. விளக்கு கெட்டுப்போன எரிச்சலில் சாவு வீட்டில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதுதான் காரணம். போய் விஷயத்தைச் சொன்னேன். பவர்லூம் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது என்று நினைத்தேன், எல்லாம் கேட்டிருக்கிறது. தறியை நிறுத்திவிட்டு, இன்னா கொழுந்தனாரே, அன்னிக்கு என் ஊட்டுக்காரர் செத்துப் பூட்டாருன்னு மூஞ்ச திருப்பிகினு நின்ன, இன்னிக்கு அதே சாவு உனுக்கு சாட்சிக்கு வேணுமா என்று கேட்டாள். ஆங், வேணும் அண்ணி, புள்ளைக்காக வேணும் என்றேன். தறியில் அறுந்திருந்த ஒரு நூலை எடுத்து முடிந்தாள். அப்புறம், காகிதத்துல கைநாட்டு வெச்சா அது பேசுமா, நானே வரேன், எப்ப ரயிலு என்றாள்.

நேற்றுக் காலை மூவரும் மெட்ராஸுக்குப் புறப்பட்டோம். மணவூரில் வண்டி நின்றது நின்றதுதான், பேட்டன்ட் ஆபீசில் பதினொரு மணிக்கு ஹியரிங், நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். எறங்கித் தள்ளப் போறியா, குந்து என்று பெரியம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஓடிப்போய்ச் சேர்ந்தோம், புரொபசர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மனுவைப் பரிசீலிக்கும் எக்ஸாமினருக்கு என் வயசுதான் இருக்கும், நல்ல மாதிரி, ஆனால் விடாக்கண்டன். வரதராஜனைப் பார்த்து, அப்போ காவடி எந்த வெளிச்சத்தில் போச்சு என்று கேட்டார். பெட்ரோமாக்ஸ் சார், அதுவும் பாதி வழியில மேண்டில் ஒடைஞ்சி இருட்டுலதான் ஏறினோம் சார், நோட்டீஸ்ல இத்த போட முடியுமா சார் என்றான். ஸ்டெனோ பெண் சிரித்துவிட்டாள். அடுத்து பெரியம்மாவிடம், வீட்டில் சாவு என்பது சரி, இவர் யாருக்கும் தெரியாமல் செல்லை அனுப்பியிருக்கலாமே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் அனுப்பத்தான் பார்த்தேன் அல்லவா. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஐயா, இவன் அனுப்பி இருப்பான், அவசரக்காரன். இவங்க அண்ணி கோவிந்தம்மா உடமாட்டா. தீட்டு ஊட்டு சாமான் மலைக்குப் போயிருந்தா அன்னிக்கே சேதி எனுக்கு வந்திருக்கும், என் புருசன் செத்த மூணாம் நாளுன்னும் பாக்காம இவன் சட்டையப் புடிச்சிருப்பேன். பதினாறாம் நாளு என் ஊட்டு வாசப்படிய மிதிக்க உட்டிருப்பனா? வந்தான், சாப்பிட்டான், போனான். அதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் என்றாள். எக்ஸாமினர் பேனாவை மூடினார். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முன்கூட்டிப் பகிரங்கமாகப் பயன்பட்டது என்ற ஆட்சேபணையை வற்புறுத்தவில்லை என்று ஸ்டெனோவிடம் சொன்னார். நான் வீட்டுக்குள் ஓட்டிப் பார்த்தது சோதனைதான், அதில் தோஷமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் புரொபசர் பெரியம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்கு வெட்கம், எனுக்கு பசிக்குது என்றாள்.

மிச்சம் இரண்டும் உன் தலையில்தான். ஒன்று, வெளிநாட்டு மனு ஒன்றில் இதே மாதிரி இருக்கிறதாம், உன்னுடையதில் என்ன புதுசு என்று காட்ட வேண்டும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் முள் முள்ளாக வளர்ந்து எதிர்ப்பக்கம் தொட்டுச் செல் செத்துப்போகும், நீ நடுவில் வைத்த படலம் அந்த முள்ளைத் தடுக்கிறது, அவர்களுடையதில் படலமே இல்லை. இதை நாலு வரியில் எழுது, நாற்பது வரி வேண்டாம். இரண்டு, அந்தப் படலத்தில் என்னென்ன, எவ்வளவு கனம் என்று நீ முழுசாக எழுதவில்லை. யாராவது திருடிவிடுவார்கள் என்று மூடி வைக்காதே, படித்தவன் செய்து பார்க்கும்படி சொன்னால்தான் சட்டம் உனக்குக் காவல் நிற்கும். ஏப்ரல் முடிவதற்குள் புரொபசர் கையில் இருக்க வேண்டும். சுலோச்சனாவுக்கு ஏழாம் மாசம், டாக்டரம்மா நன்றாக இருக்கிறது என்றார். உன் அம்மா மிளகாய்ப்பொடி அனுப்புகிறாள், கஸ்டம்ஸில் பாட்டரி மருந்து என்று சொல்லித் தொலைக்காதே. நீ நூறு வருஷம் நல்லபடி இருக்க வேண்டும், செய்த வேலை உன் பெயரிலேயே நிலைக்க வேண்டும், இதுதான் உன் அம்மாவும் நானும் தினமும் கேட்பது. பெரியம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, எனக்கு எழுதும் கடிதத்தின் ஓரத்தில் அல்ல, மறக்காதே. நான் இனி செய்யப்போவது:

1. இன்றே நேற்றைய உத்தரவின் நகலை உனக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவேன்.

2. வரதராஜனை உட்கார வைத்து, இனி எந்த ஆபீசுக்கும் எதுவும் அனுப்புவதில்லை என்று அவன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிற வரை எழுந்திருக்க மாட்டேன்.

3. ஞாயிற்றுக்கிழமை அம்மையார்குப்பம் போய்ப் பெரியம்மாவின் தறி மோட்டாரைப் பிரித்துச் செப்புக் கம்பிக் காயில் சுற்றித் தருவேன், நேற்றே சத்தம் சரியில்லை என்று சொன்னாள்.

4. சிங்காரம் பெரிய நைனாவின் திதியன்று உன் செல்லை எடுத்துப்போய் அவர் படத்துக்கு முன்னால், தெருவாசலில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்க எரிய வைப்பேன். மனு போட்டாயிற்று, இனி எரியலாமா என்று புரொபசரிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டேன். தாராளமாக எரியலாமாம்.

இப்படிக்கு,
உன் சின்ன நைனா,
கஜபதி