நம்ம வண்டி

18 ஆகஸ்ட், திங்கள்

காலையிலேயே புழுக்கம். வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும். மாற்றவில்லை. மதுராந்தகத்துக்கு நர்சரிச் செடி லோடு. திரும்பும் வழியில் அப்பாவைப் பார்க்கப் படாளத்தில் இறங்கினேன். இறங்காமலே வந்திருக்கலாம்.

அப்பா எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். மாதா கோயில் கமிட்டிச் செயலாளரிடம். "நீ இன்னாத்துக்கு வண்டிக்கு அலையற? நம்ம வண்டி கீது. புது வண்டி. மாப்ள மாதாவ பத்திரமா எட்த்துனு வந்துடுவாரு."

நம்ம வண்டி!

அந்த வார்த்தை என் பிக்கப்புடையது. மாதாவை வைக்கிற குகை மாடம், அந்தக் கெபி கட்ட சிமெண்டும் ஜல்லியும் ஏற்றியது யார்? திருவிழா நாற்காலி, சீரியல் செட், பொங்கல் அண்டா எல்லாம் யார் வண்டியில் போனது? அப்போதெல்லாம் அப்பா ஊருக்குச் சொல்வார், "நம்ம வண்டி கீது, எம் பொண்ணு ஓட்டும்" என்று. இப்போது தங்கச்சி ஜெனியின் வீட்டுக்காரன் வாங்கி, இன்னும் சீட்டு பாலிதீன்கூடக் கிழிக்காத வண்டி 'நம்ம வண்டி' ஆகிவிட்டது. கெபிக்காக மாமல்லபுரத்தில் செதுக்கும் கல் மாதா அதில்தான் வரப் போகிறாளாம்.

காபி வேண்டாம் என்றேன். "லேட்டாய்டுச்சிப்பா." வயிறு எரிந்தது.

ஜெனி வீட்டுக்காரன் பெயரை முழுசாக எழுதக் கை வரவில்லை. இனி பி. போதும்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

ஜெனியின் ஸ்டேட்டஸில் கோவளம் பீச். நடுவில் வண்டி. ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் குட்டியாக ஒரு பாடி. அதில் ஒரே ஒரு சர்ஃப் போர்டு. அதைக் கட்ட நாலு பெல்ட்!

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில்,
– பாடியின் இரண்டு பக்கமும் கறுப்பு ரெயில். அதில் நகரும் வளையம். வேண்டிய இடத்தில் நிறுத்திப் பெல்ட் மாட்டலாம்.
– மேலே ஷட்டர் கவர். கடை ஷட்டரைப் படுக்க வைத்த மாதிரி.
– தரைக்கு ரப்பர் மெத்தை. நம் வீட்டில் மனுஷருக்கே அவ்வளவு மெத்தை இல்லை.

என் வண்டியில், மூலைக்கு ஒரு வளையம். ஒன்று துரு, ஒன்று எப்போதோ போய்விட்டது. தார்ப்பாய் ஓட்டை.

என் வீட்டுக்காரர் அருள் ஷிப்ட் முடிந்து வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமே, உந் தங்கச்சி மொகம் மேல கீது. நீ ஏன் டயர்கிட்ட பெருசாக்கிப் பாத்துனுகிற?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோறு போட்டேன். சாம்பாரில் உப்பு தூக்கல் என்றார். இருக்கட்டும்.

20 ஆகஸ்ட், புதன்

தாங்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு நேராகவே கேட்டேன். மாதாவ ஏம்ப்பா நான் எடுத்துட்டு வரக்கூடாது?

"உன் வண்டில புடிச்சிக் கட்ட இன்னா கீது ஸ்டெல்லா? வளையம்லாம் துரு. கல்லு செல. ஊரே காசு போட்டு செஞ்சது. வழில வுழுந்துச்சின்னா எவனுக்கு பதில் சொல்றது? மாப்ள வண்டில அதுக்குன்னே ரெயிலு, கவரு எல்லாம் கீது."

'உன் வண்டி.' இரண்டே நாளில் 'நம்ம' போய் 'உன்' வந்துவிட்டது.

"ரெயில் இருந்தா குடுப்பியா?"

"பாக்கலாம்." அப்பாவின் 'பாக்கலாம்' என்றால் 'இல்லை' என்று எனக்குத் தெரியும். ஜெனி சின்ன வயதில் கேட்டதற்கெல்லாம் 'சரிம்மா'. நான் கேட்டால் 'பாக்கலாம்'.

ரெயில் போட்டே தீருவது.

21 ஆகஸ்ட், வியாழன்

மாமல்லபுரம். மாதாவைச் செதுக்கும் பட்டறையிலேயே அம்மிக்கல் லோடு. ஏற்றும்வரை மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் முடிந்துவிட்டது. மூக்கு கொஞ்சம் எங்கள் பக்கத்து மூக்கு. ஸ்தபதியிடம் சொன்னேன், சிரித்தார். "வேற எந்த மூக்கும்மா எனக்குத் தெரியும்?"

எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டேன். "படுக்க வெச்சிதான். நிக்க வெச்சா ஒரு பிரேக்குல போச்சி. பின் டோரு சாத்தியிருக்கணும். தெறந்து வுட்டு தொங்கவுட்டா நான் குடுக்க மாட்டேன்."

அவர் டேப்பை வாங்கி, பீடத்தோடு சேர்த்து அளந்தேன். ஏன் அளந்தேன்? அப்போது தெரியாது. இப்போது தெரியும்.

22 ஆகஸ்ட், வெள்ளி

ஜி.எஸ்.டி ரோட்டில் வண்டிச் சாமான் மாட்டும் பாய் கடை. போனதும் கேட்டார், "வூட்டுக்காரர் வர்லியாம்மா?"

"வண்டி என்னுது பாய்."

உடனே நாற்காலி வந்தது.

அலுமினிய ரெயிலை எடுத்து நீட்டினார். பளபளப்பு. "இதான் இப்போ ஓடுது. கூடுவாஞ்சேரிலேந்து ஒரு சார் வந்தாரு, டபுள் கேபின் வண்டி, கேக்கறதுக்கு முன்னாடியே 'எது நல்லதோ அதப் போடுங்க'ன்னாரு. தங்கமான மனுசன்மா." பி. தான். பச்சை வண்டியா என்றேன், ஆமாம் என்றார். இந்த ஜில்லாவில் நான் போகிற கடைக்கெல்லாம் அவன் முன்னாடியே போய்த் தங்கமாகிவிட வேண்டுமா?

கோபத்தில் எழுந்து வெளியே வந்தேன். எதிர்க்கடையில் மோர் குடித்தேன். திரும்பிப் போனேன். வேறு கடை கிடையாது.

யோசித்தது:
அலுமினியம் – அழகு. சர்ஃப் போர்டுக்குச் சரி. கல்லுக்கு ஆகாது.
ஸ்டீல் – கனம், பார்வை கம்மி. ஆனால் நிற்கும்.
ஸ்க்ரூ அடிப்பது – சீக்கிரம் முடியும். ஒரு வருஷத்தில் தகடு கிழியும்.
போல்ட் – பாடியைத் துளைத்து, அடியில் பட்டை கொடுத்து முடுக்குவது. இதுதான்.
கவர் – ஷட்டர் வேண்டாம். உயரமான லோடு வந்தால் என்ன செய்வது? தார்ப்பாயே போதும். ஆனால் அளவெடுத்துத் தைத்தது, ஓரமெல்லாம் கயிறு கோக்கக் கண் வைத்தது.

நிறம் கேட்டார். நீலம் என்றேன். மாதா சேலை நீலம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

23 ஆகஸ்ட், சனி

பிள்ளையார் சதுர்த்தி வருகிறது. கூடுவாஞ்சேரி அபார்ட்மெண்டுகளுக்குக் களிமண் பிள்ளையார் லோடு. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஒரு பைக்காரன் குறுக்கே வந்தான். பிரேக் அடித்தேன். பின்னால் 'டங்' என்றது. துரு வளையம் பிய்ந்து, கயிறு தளர்ந்து, பெரிய பிள்ளையார் சின்னவர் மேல் சாய்ந்து நின்றார். உடையவில்லை. நன்றி சாமி.

ஆக, அப்பா சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல். யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி இறக்கம் ஜெனி அபார்ட்மெண்டுக்குப் பக்கத்துத் தெரு. ஜெனி மாமியாரோடு கோயிலுக்குப் போயிருந்தாள். கீழே பார்க்கிங்கில் பி. வண்டி. மேலே துணிக் கவர். அதாவது பின்னால் ஷட்டர் கவர், அந்தக் கவருக்கு மேல் இன்னொரு கவர். தூசி பட்டால் அழுமோ?

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. துணியைத் தூக்கி, பாடியை ஷட்டர் மேலாகவே பூ அளப்பது போல முழம் போட்டேன். ஒரு தடவை. சந்தேகமாக இருந்தது, இன்னொரு தடவை.

செக்யூரிட்டி வந்துவிட்டார். "யாரும்மா நீ? இன்னா பண்ற?"

"சொந்தக்காரிதான்."

"சொந்தக்காரின்னா வண்டிய ஏன் மொழம் போடற?"

வந்துவிட்டேன். ஆனால் தெரிந்துவிட்டது. கேபின் பெரிசு, பாடி குட்டை. மாதா படுத்தால் கால் வெளியே. பின் டோர் சாத்தாது. பிள்ளையார் லோடு போய்வந்த களைப்பே தெரியவில்லை. வழியெல்லாம் பாட்டு.

24 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பி. போன். இவனுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

"அக்கா, சிலையெல்லாம் ஏத்தி எனக்குப் பழக்கம் இல்ல. எப்படிக் கட்டணும்? நீங்கதான் சொல்லித் தரணும்."

சொல்லித் தந்தேன். அடியில் வைக்கோல், மேலே பழைய மெத்தை, பெல்ட் கழுத்தில் படக்கூடாது, இடுப்பிலும் காலிலும் குறுக்கே போடு, கொஞ்ச தூரம் போய் நிறுத்தி மறுபடி முடுக்கு. எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டான், பேனா சத்தம் கேட்டது.

நீளத்தைச் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை வாய் வரை வந்தது. பிறகு 'நம்ம வண்டி' காதில் ஒலித்தது, வாயை மூடிக்கொண்டேன்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

ரெயில் மாட்டியாகிவிட்டது. பாய் கடைப் பையன்கள் போல்ட் முடுக்க, ஒவ்வொன்றையும் நான் ஒரு தடவை முடுக்கிப் பார்த்தேன். "எங்க மேல நம்பிக்கை இல்லியாக்கா?" இல்லை.

வளையத்தில் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அருளையும் தொங்கச் சொன்னேன்.

"நான் இன்னா லோடா?"

தார்ப்பாய் வந்தது. நல்ல நீலம். விரித்து, மடித்து, மறுபடி விரித்து. பிள்ளையாரைக் கட்டத் தெரிந்தவளுக்கு மாதாவைக் கட்டத் தெரியாதா? நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். ஜெனி ஒரு கைதட்டல். அப்பா பார்த்துவிட்டார், நீல டிக் வந்தது. பதில் இல்லை.

ராத்திரி வரை பார்த்தேன். பதில் இல்லை.

30 ஆகஸ்ட், சனி

உடம்பெல்லாம் வலி. ஆனால் இதை எழுதாமல் தூங்க முடியாது.

பட்டறைக்கு எல்லாரும் பி. வண்டியில். அப்பா, ஜெனி, அருளும்தான்! நான் என் வண்டியில், 'எனக்கும் அங்க லோடு கீது' என்று சொல்லிக்கொண்டு. ஸ்தபதி என் பாடியை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, லோடு ஏத்த வர்றவ வைக்கோலும் மெத்தையும் போட்டுனு வந்துகிற?" நான் செருப்பில் ஒட்டிய கல்தூளைத் தட்டினேன்.

செயின் பிளாக்கில் மாதாவைத் தூக்கி பி. வண்டிக்கு மேல் கொண்டுவந்தார்கள். இறக்க முடியவில்லை. இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள். கால் வெளியே. டோரைத் திறந்துவைத்தே போகலாமா என்று பி. கேட்டான், ஸ்தபதி ஒரே வார்த்தையில் மாட்டேன் என்றார். மாதா அந்தரத்தில் ஆடிக்கொண்டு. பி. முகம் சிவந்து, ஷட்டரை மூடுகிறான், திறக்கிறான், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். எத்தனை நாள் ஆசைப்பட்ட காட்சி! வந்தபோது நினைத்த அளவு இனிக்கவில்லை. இனிக்கவே இல்லை என்று சொன்னால் பொய்.

அப்பா மெதுவாக என் வண்டிப் பக்கம் வந்தார். ரெயிலைப் பிடித்து ஆட்டினார். வளையத்தை நகர்த்திப் பார்த்தார். குனிந்து அடியில் பட்டையைப் பார்த்தார்.

"இதுல வெய்ங்கப்பா" என்றார் ஆட்களிடம்.

பி. கொண்டுவந்த வைக்கோலையும் ஜெனி மெத்தையையும்கூட வாங்கிப் போட்டுக் கட்டினேன். மாதா இம்மியும் அசையவில்லை. தார்ப்பாயை எடுத்தேன். அப்பா, "மூடாத. வழில ஜனம் மொகத்த பாக்கட்டும்." அத்தனை நாள் யோசித்து வாங்கிய நீலம் மடித்த மடிப்போடு முன் சீட்டுக்குப் போனது.

சரி, என்னோடு யார் வருகிறீர்கள் என்று பார்த்தேன். அப்பாவுக்கு முட்டி, என் வண்டி உயரம் ஏற முடியாதாம். ஜெனிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம். அருள் தலையைச் சொறிந்தார். "அங்க ஏசி கீதுமே." எல்லாரும் பி. வண்டியில். ஆக, ஜெயித்தது நான், உட்கார்ந்தது அவனோடு. பக்கத்து சீட்டில் தார்ப்பாய் மட்டும். மாதாவிடம் வாய்விட்டே சொன்னேன், "பாத்தியா இவுங்கள?"

திருக்கழுக்குன்றம் தாண்டி மழை. சட்டென்று, பெரிய துளி. கல்லுக்கு ஒன்றும் ஆகாது, அடியில் வைக்கோலும் மெத்தையும் ஊறினால் பெல்ட் தளர்ந்துவிடும். ஓரம் கட்டி இறங்கித் தார்ப்பாயை இழுத்தேன். காற்று பிடுங்கியது. மறுபக்க ஓரத்தை யாரோ பிடித்தார்கள். பி. தான். நல்ல சட்டை, முழுக்க நனைந்து, கண்ணாடியில் தண்ணீர் வழிய. "எங்க கட்டணும்க்கா?" முடிச்சு போடத் தெரியவில்லை. காட்டிக் கொடுத்தேன். மற்றவர்கள் உள்ளேயே இருந்தார்கள், அருள் உட்பட.

செங்கல்பட்டு வந்ததும் மழை நின்றது. படாளம் முனையில் தார்ப்பாயை அவிழ்த்தேன். இரண்டு பக்கமும் வயல். தாத்தா கூலிக்கு நாற்று நட்ட வயல்கள்தான். நடுவில் மாதா என் வண்டியில். கண் கலங்கியது, ஆமாம்.

கோயில் வாசலில் கூட்டம். யாரோ அப்பாவைக் கேட்டார்கள், "யாரு வண்டி இது?" கண்ணாடியை இறக்கிக் காதைத் தீட்டினேன். அப்பா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துச் சரவெடியைக் கொளுத்தினான் ஒரு பாவி.

31 ஆகஸ்ட், ஞாயிறு

அருளைக் கேட்டேன். "நம்ம வண்டின்னுதான் சொன்னாரு." சொன்ன வேகத்திலேயே பொய் தெரிந்தது. வெடிக்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தவர். ஜெனியைக் கேட்டால், "அய்ய, அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

மத்தியானம் பி. போன்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. ஸ்தபதி நேத்து சொன்னார், நீங்க போன வாரமே சிலைய அளந்துட்டுப் போனீங்கன்னு. எங்க செக்யூரிட்டியும் சொன்னார், யாரோ ஒரு அம்மா வண்டிய முழம் போட்டாங்கன்னு."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"மாமாகிட்ட சொல்லலக்கா. ஜெனிகிட்டயும் சொல்லல." பிறகு, "ஆனா மாமா பண்ணதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. என் வண்டில உக்காந்துகிட்டு, வழியெல்லாம் முன்னாடி போற உங்க வண்டியக் கையக் காட்டி, 'நம்ம வண்டி எப்டி போவுது பாரு மாப்ள, ஒரு குலுங்கல் கீதா பாரு'ன்னு. படாளம் வர்ற வரைக்கும் அதேதான்க்கா." சிரித்தான். முழுச் சிரிப்பு இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். போன வாரம் முழுக்க என் குரல் அது.

மன்னிச்சிடு என்று சொல்ல நினைத்தேன். "வைக்கோல நல்லா ஒதறிட்டுத் தர்றேன், மெத்தை ஜெனியோடது" என்று ஏதோ உளறினேன்.

நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான். அதற்கும் சேர்த்து வயிறு எரிகிறது.

அலுமினியத்தைக் கழற்றிவிட்டு ஸ்டீல் போட வேண்டுமாம். நாளை சாயங்காலம் பிரகாஷ் வருகிறான், பாய் கடைக்குக் கூட்டிப் போக வேண்டும்.