வயிற்றில் யாரும் கை வைக்கக் கூடாது

என்னங்க,

வாண்டைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். உங்க ஷிஃப்ட் முடியற வரைக்கும் இருந்தா அட்மிஷன் நேரம் தப்பிடும். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு.

உங்க அக்கா சொன்ன எண்ணெய் தேய்க்கிறவர் வந்தா வாசலோட அனுப்பிடுங்க. அவ வயித்தை அழுத்தினா கிட்னியில இருக்கற கட்டி உடைஞ்சு பரவிடும்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டார்.

நாலு வாரம் மருந்து ஏத்தினதுல கட்டி பாதியாச் சுருங்கியிருக்கு. இப்பவே அந்தக் கிட்னியோட சேர்த்து எடுத்துடணுமாம். "ஒத்தைக் கிட்னியோட பொம்பளப்புள்ள எப்படி வாழும்?"னு நேத்து கத்தினீங்க. இன்னொண்ணு நல்லா இருக்குங்க, அது போதுமாம். கட்டியை விட்டு வச்சாத்தான் நமக்குப் புள்ளையே இருக்காது. நான் கையெழுத்துப் போடப் போறேன். அப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

அவ தொப்பி கொடியில காயுது. எடுத்துட்டு வாங்க, மொட்டைத் தலையை யாரும் பாக்கக் கூடாதாம்.

இன்னொண்ணு. நேத்து நாம போட்ட சண்டையைக் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்திருக்கா. இப்ப செருப்பு மாட்டிக்கிட்டே, "அப்பாவுக்கு என் மேல கோவமாம்மா?"னு கேக்கறா. இல்லடின்னேன். நம்பலை. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிடுவாங்க. அதுக்கு முன்னாடி நீங்களே வந்து சொல்லிடுங்க.