அத்தை கொண்டுவந்த சூப்

அன்புள்ள அக்கா,

நேற்று அம்மாவின் உதட்டோரம் எண்ணெய் மினுங்கியதைத்தான் முதலில் கவனித்தேன். சர்க்கரை நோய்க்காக ஆபரேஷனில் இரைப்பையைச் சிறிதாக்கிக்கொண்டு, முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தாள். கஞ்சித் தண்ணீரை மட்டும் சின்னச் சின்ன மடக்காகக் குடிக்க வேண்டும், மீறினால் உள்ளே தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஜூடி அத்தை ஆட்டுக்கால் சூப்பைக் கறியோடு ஊட்டிக்கொண்டிருந்தார். மெதுவாகத் தடுத்தேன்.

"அறுத்த ஒடம்புக்கு இதான்டி தெம்பு. எட்டாவதோட நின்ன நீ இன்னா டாக்டரா?"

அத்தையோடு சேர்ந்து அம்மாவும் சிரித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஹார்பர் வேலை முடிந்து வந்த அப்பா, "பாசத்துல குட்த்துச்சு, இன்னா சொல்றது?" என்றார்.

உன் கன்னியர் மடத்தில் போன் தரமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். நீ இருந்தால் அத்தையை எதிர்த்துப் பேசியிருப்பாய். வா என்று சொல்லவில்லை.

இன்று மறுபடியும் படிக்கட்டில் அத்தையின் குரல் கேட்டது: "கதவத் தொறடி, நண்டு ரசம் கீது!"

தாழ்ப்பாள் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன்.

உன் தங்கச்சி